கடனைக் கட்டியவர்கள்

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையில் எனக்கு முதலாம் வார்த்தையைத் தந்திருக்கிறார்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று போதகர் அன்பாகச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடத்தில் அடங்காதவை நிறைய இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பாடுகளைப் பற்றி நாம் பேசும் விதம். சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில் எங்கள் சபையில் ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையைப் பறிகொடுத்தார்கள். அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நீலத் துணி கட்டி, மேசை நாற்காலி போட்டிருந்தது. வருகிறவர்களுக்குப் பொட்டல பானமும் வேர்க்கடலையும் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்: "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்மா." "ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டிருக்கு." சொன்ன எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் தலையாட்ட வேண்டியிருந்தது. துக்க வீட்டில் வந்தவர்களுக்கு அவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்குப் பட்டது.

சகலமும் நன்மைக்கு என்று சொல்லும் ரோமர் 8:28 பொய் என்று நான் சொல்லவில்லை. பவுல் அதைத் தன் முதுகில் அடிபட்ட தழும்போடு எழுதினார். அப்படி எழுத அவருக்கு உரிமை இருந்தது. அதே வசனத்தை எடுத்து அடுத்தவர் காயத்தின் மேல் ஒட்ட நமக்கு என்ன உரிமை? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை சரி. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபிப்பது புலம்பிய யோபுவிடம் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்களிடம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று சொன்னார். ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் எதுவும் தரவில்லை.

துன்பத்துக்குள் அர்த்தம் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது, நாம் தோண்டி எடுத்தால் போதும் என்று நான் நம்பவில்லை. துன்பம் வெறும் துன்பம்தான். அதற்குள் நின்றுகொண்டு ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் அர்த்தம் பிறக்கிறது. அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டும்தான்.

சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் வெள்ளை வெளேர் என்று நிற்கும். 1856இலிருந்து 1861 வரை அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கப்பலில் இங்கே நாடு கடத்தப்பட்டவர்கள். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டு, பூசிக் காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றிய 'மெட்ராஸ் சுனாம்' பூச்சு அந்தச் சுவர்களில் உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் முட்டைக் கதையை மறக்காமல் சொல்கிறார்கள். பூசிய கைகள் யாருடையவை, அவர்கள் ஊரில் யார் காத்திருந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கதையில் வருவதில்லை. "பார்த்தீர்களா, கைதிகளின் துன்பத்திலிருந்து கடவுள் ஓர் ஆலயத்தை எழுப்பினார்" என்று ஒருமுறை ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்கள் சார்பில் நாம் அப்படிச் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களைப் பற்றியும் அப்படித்தான். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள், பெரும்பாலும் கல்லறைகூட இல்லாமல். அவர்களுக்காக அழலாம், அவர்களை நினைவில் வைத்திருக்கலாம். அவர்கள் பட்டதற்கு அர்த்தம் சொல்ல நான் துணியமாட்டேன்.

அதே பேராலயத்தின் பிஷப்பும் பின்னொரு காலத்தில் கைதியானார். லெனார்ட் வில்சன் 1941இல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பிஷப்பாக வந்தவர். 1943 அக்டோபரில், துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சாங்கிச் சிறைமுகாமில் இருந்தவர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று சந்தேகப்பட்டு, ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாய் 57 பேரைப் பிடித்தது. பத்தாம் மாதம் பத்தாம் தேதி தொடங்கியதால் அதற்கு 'டபுள் டென்த்' என்று பெயர். பிடிபட்டவர்களில் 15 பேர் இறந்தார்கள். அவர்கள் யாருக்கும் அந்தத் தாக்குதலில் சம்பந்தமே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த படையினர் சிறு படகுகளில் நுழைந்து செய்தது அது.

பிடிபட்டவர்களில் ஒருவரான வில்சனை மேசையில் கட்டிப் போட்டு நாள்கணக்கில் அடித்தார்கள். 1946இல் பிபிசி வானொலியில் பேசிய பிரசங்கத்தில் அவர் அதை நினைவுகூர்ந்தார். அடி வாங்கும்போது "மன்னியும்" என்று முணுமுணுக்கப் பார்த்தாராம். ஆனால் அந்த முகங்களைப் பார்த்தால் எப்படி அந்தச் சொல் வாயில் வரும்? சிலர் அடிப்பதை ரசிக்கவே செய்தார்கள். அப்போது அவர்கள் சின்னப் பிள்ளைகளாக, அண்ணன் தம்பிகளோடு விளையாடிய காலத்தில் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாராம். சின்னப் பிள்ளைகளை வெறுப்பது கஷ்டம் அல்லவா? ஆனால் அதுவும் போதவில்லை என்கிறார். நற்கருணைப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்த பிறகு, கிறிஸ்துவால் இவர்கள் என்னவாக ஆகக்கூடும் என்று காணத் தொடங்கியபோதுதான் அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்தது.

'அதுவும் போதவில்லை' என்ற இடத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வருகிறது. மன்னிப்பு அவருக்கும் உடனே வரவில்லை. படிப்படியாக, அடிக்கு நடுவில் தேட வேண்டியிருந்தது. "நீ கடவுளை நம்புகிறாயே, ஏன் அவர் உன்னைக் காப்பாற்றவில்லை?" என்று கேட்டார்களாம். காப்பாற்றுகிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, அதைத் தாங்கும் ஆவியைத் தந்து காப்பாற்றுகிறார் என்றாராம் அவர். கீழ்த்தளத்தில் வேர்க்கடலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று யாராவது இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கட்டப்பட்ட மேசையிலிருந்து அவரே சொல்லும்போது தலைவணங்கிக் கேட்கிறேன். போருக்குப் பிறகு, அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவரானார். அவருக்குத் திடப்படுத்தல், அதாவது விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கை, கொடுத்தவர் வில்சன்.

சாங்கியில் போர்க்கைதியாக இருந்த ஸ்டான்லி வாரனையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சீதபேதியில் விழுந்து, நிற்கவும் தெம்பில்லாமல் இருந்தவர் ராணுவ முகாமின் மருத்துவக் கட்டடத்தில் ஒரு சிறு ஆலயச் சுவரில் ஐந்து படங்கள் வரைந்தார். பில்லியர்ட்ஸ் மேசையின் நீலச் சுண்ணாம்புக் கட்டி, கிடைத்த கொஞ்சம் பழுப்புச் சாயம், இவை போன்றவைதான் வண்ணம். பிறகு சுவரில் வெள்ளை பூசி மூடிவிட்டார்கள். 1958இல்தான் படங்கள் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றைப் புதுப்பிக்க அவர் மூன்று முறை சிங்கப்பூர் வந்தார். அந்தப் படங்களின் நகல்களைச் சாங்கி ஆலய அரும்பொருளகத்தில் பார்க்கலாம்.

நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் எப்படி? எலிசபெத் சோய். வடக்குப் போர்னியோவில் பிறந்து, இங்கே ஆசிரியையாக இருந்தவர். கணவரும் அவரும் மருத்துவமனையில் ஒரு சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டு, சாங்கியில் அடைபட்டவர்களுக்கு மருந்தும் உணவும் கடிதமும் கடத்திக் கொடுத்தார்கள். அதே டபுள் டென்த் கைதுகளில் கணவரும் பிறகு அவரும் பிடிபட்டார்கள். ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டில் ஒய்எம்சிஏ கட்டடத்தில் சுமார் 200 நாள். கணவர் பார்க்க அவருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். போர் முடிந்து, சித்திரவதை செய்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டபோது, சொன்னால் அவர்களுக்குத் தூக்கு என்று தெரிந்தும், தெரிந்ததனாலேயே, மறுத்துவிட்டார். போர் இல்லையென்றால் அவர்களும் என்னைப்போலக் குடும்பத்தோடு வீட்டில் இருந்திருப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு 1951இல் சட்டமன்றத்தில் அமர்ந்தார், பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார், 2006இல் காலமானார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலிசபெத் சோய் தனக்குச் செய்யப்பட்டதைத்தான் மன்னித்தார். செத்துப்போன 15 பேரின் சார்பில் அவர் எதையும் மன்னிக்கவில்லை. 1946இல் விசாரணை நடந்தது, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவருடைய மன்னிப்பும் ஒரு நாட்டின் நீதியும் ஒரே ஊரில், ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று இன்னொன்றைத் தடுக்கவில்லை.

இனி என் வீட்டு விஷயம்.

என் அப்பா தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா அப்போது சொந்தமாகத் தொழில் தொடங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பிக்குப் போடாம யாருக்குப் போடுறது?" என்றார் அப்பா. தொழில் படுத்தது. சித்தப்பா ஒரு நாள் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போனார், திரும்பி வரவில்லை. கடிதங்கள் அப்பா பெயருக்கு வரத் தொடங்கின. பகலில் வேலை, இரவில் வேறொருவரின் டாக்சியை ஓட்டுவது என்று அப்பா வருடக்கணக்கில் இருந்தார். அம்மாவின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகள் அடகுக்கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவப் போனார். அண்ணனுக்குச் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வில் நல்ல மதிப்பெண், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. சேரவில்லை. கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனார். நான் படித்தேன். அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கட்டிய ஒவ்வொரு தவணையின் ரசீதையும் அம்மா ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். கடைசித் தவணை கட்டிய இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். சித்தப்பா அடக்கத்துக்கு வரவில்லை.

அதற்கும் பல வருடங்கள் கழித்து அவர் வந்தார். சர்க்கரை நோய் முற்றி, இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஓரறை வாடகை வீடு. மனைவியும் மகளும் மலேசியாவில், பேச்சுவார்த்தை இல்லை. சபையில் யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. அடுத்த டயாலிசிஸ் நாளில் சோற்றுத்தூக்கோடு போய் நின்றார்.

அந்தச் சமையலைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறக்கூடாது. உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். காய் கீரை எல்லாவற்றுக்கும் அதே கதிதான். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. உப்பு கிள்ளி அளவு. குடிக்கிற தண்ணீருக்கும் கணக்கு உண்டு. குழம்பு, ரசம், தேநீர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கீறி அடையாளம் வைத்திருந்தார். ருசியே இல்லாத காயை ருசியாக்கக் கொத்தமல்லி, பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை என்று என்னென்னவோ செய்துபார்ப்பார். "சப்புனு இருந்தா மனுசன் எப்படிச் சாப்பிடுவார்?" நம் வாழ்க்கையைக் கவிழ்த்தவருக்கு உணவில் ருசி வேண்டும் என்று கவலைப்படுவது எனக்கு அன்று புரியவில்லை. இன்றும் முழுவதும் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அம்மா வெறும் சோறு மட்டும் கொண்டுபோகவில்லை. ஒரு நாள் மைலோ டின்னையும் எடுத்துக்கொண்டு போனார். நானும் இருந்தேன். ரசீதுகளைக் கட்டிலின் மேல் பரப்பி, ஒவ்வொரு வருடமும் என்ன நடந்தது என்று சொன்னார். அடகுக்கு எது எப்போது போனது, அப்பா எந்த வருடம் டாக்சியில் தூங்கி விபத்தில் மாட்டப் பார்த்தார், அண்ணனின் கல்லூரிக் கடிதம் எந்த மாதம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. அழுததும் அவர் அல்ல, சித்தப்பாதான். "அண்ணி, அந்தப் பணத்தை நான் எப்படியாச்சும்..." என்று ஆரம்பித்தார். "அது கட்டி முடிச்சாச்சு தம்பி. உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன். சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றார் அம்மா.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பேதுரு எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்பதும், ஏழெழுபது தரம் என்று பதில் வருவதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சில வசனங்கள் முன்னால், உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியே போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்று இருக்கிறது. அதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அம்மா தாண்டவில்லை. கடன் எவ்வளவு என்று இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் அதை விட்டுக்கொடுத்தார்.

அதே அதிகாரத்தின் உவமையில் ஒரு ராஜா தன் வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்தை மன்னிக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. நாம் எப்போதும் அந்த வேலைக்காரனையே பார்க்கிறோம், அவன் எவ்வளவு நன்றி கெட்டவன் என்று. ராஜாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் கஜானாவில் அன்று அவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தது. மன்னித்ததால் கடன் மாயமாய்ப் போய்விடவில்லை. வாங்கியவன் தோளிலிருந்து கொடுத்தவன் தோளுக்கு மாறியது. சிலுவையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கடவுள் துன்பத்தை விரும்பினார் என்றல்ல. நாம் திருப்பித் தர முடியாததை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார், திருப்பி அடிக்கவில்லை. தியாகம் என்ற பெரிய சொல்லுக்கு என் கண்ணால் கண்ட பொருள், அந்த டின்னில் இருந்த ரசீதுகள்தான்.

இதை எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. என் அம்மாவின் கதையைக் காட்டி யாராவது ஒரு பெண்ணிடம், "பார், அவங்க மன்னிக்கலையா? நீயும் பொறுத்துப் போ" என்று சொல்லிவிடக்கூடாது. அடிக்கிற கணவனிடம் மனைவியைத் திருப்பி அனுப்பிய சபை மூப்பர்களை நான் அறிவேன். அது மன்னிப்பு அல்ல, அடுத்த அடிக்கு வழி விடுவது. போலீசுக்குப் போகலாம், குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், வீட்டை விட்டு வெளியேறலாம். இவற்றில் எதுவும் கிறிஸ்துவுக்கு விரோதமானது இல்லை. சித்தப்பா திரும்பி வந்தபோது அவரால் எங்களுக்கு இனி ஒரு கெடுதலும் செய்ய முடியாத நிலை. மறுபடி கையெழுத்துக் கேட்டிருந்தால் அம்மா போட்டிருக்கமாட்டார், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சித்தப்பா நான்கு வருடம் இருந்தார். கடைசியில் அவர் மகள் ஜொகூரிலிருந்து வந்து பார்த்தாள். அடக்கச் செலவை அம்மாவும் நானும் பகிர்ந்துகொண்டோம். அண்ணன் வரவில்லை.

"உங்க அண்ணனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? அம்மாவே மன்னிச்சிட்டாங்க, இவருக்கு என்ன?" என்று சபையில் சிலர் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். அம்மா மன்னித்தது அம்மாவுக்கு நேர்ந்ததை. பதினேழு வயதில் கல்லூரிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனது அம்மா அல்ல. அந்த இழப்பை அண்ணனுக்குப் பதிலாக அம்மாவால் மன்னிக்க முடியாது, என்னாலும் முடியாது. அந்தப் படிப்பை நான்தான் படித்தேன் என்பதால் அவருக்குப் புத்தி சொல்லும் கடைசி ஆளாகத்தான் நான் இருக்க வேண்டும். அம்மாவும் இருந்தவரை அவரிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த மைலோ டின்னைத் தனக்குப் பிறகு அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று என்னிடம். கொடுத்துவிட்டேன். ரசீதுகளை என்ன செய்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடம் சித்தப்பா மகள் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கிறாள் என்று சொன்னபோது, எங்கே தங்கியிருக்கிறாள், வாடகை எவ்வளவு என்று மட்டும் விசாரித்தார்.